ஜெபத்தில் எரிந்த மத்தாப்பு

குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் வருகிறது என்று ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூத்துக்குடியில் நிம்மதியாக முடிவெட்டிக்கொள்ள முடியவில்லை. கத்தரிக்கோலைக் காதுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, ராக்கெட்ட எப்ப விடுதீய?" என்று கேட்கிறார்கள். ஏதோ நான்தான் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல.

நான் ராக்கெட் விடுகிறவன் இல்லை. இதுவரை ஒன்றுகூட விட்டதில்லை. ராக்கெட்டுக்குள் அடைக்கிற திட எரிபொருளில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, எந்திரத்தில் கட்டிச் சுழற்றி, சுழலும்போதே கொளுத்தி, எவ்வளவு நேரத்தில் எரிந்து முடிகிறது என்று பார்க்கிறவன். பார்த்ததை எழுதி வைத்துவிட்டு அடுத்த துண்டை வெட்டுவேன். வெளியூர் ஆய்வகம் ஒன்றில் பல வருடங்களாக இதுதான் பிழைப்பு. இதைச் சொன்னதும் சலூன்காரர் முகம் தொங்கிவிடும். "அதுக்கும் படிப்பு இருக்காக்கும்" என்று கத்தரிக்கோலை மறுபடி ஓட்டத் தொடங்குவார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் கத்தரிக்கோல் அவர் கையில் இருக்கிறது.

அவரிடம் சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். திட எரிபொருள் பார்வைக்குப் பெரிய அழிரப்பர் மாதிரி இருக்கும். எரிவதற்கு வேண்டிய காற்று அதற்கு வெளியிலிருந்து வேண்டாம். உள்ளேயே ஒருவகை உப்பின் வடிவில் கலந்திருக்கிறது. கூடவே அலுமினியத் தூளும் உண்டு. எரியும்போது அந்தத் தூள் உருகிச் சின்னச் சின்னச் சொட்டுகளாகும். சும்மா கிடந்தால் சொட்டுகள் புகையோடு சேர்ந்து பறந்துவிடும். ஆனால் ராக்கெட் சும்மா கிடக்கிற சாமான் இல்லை. சீறிக் கிளம்பும், சிலது தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். அந்தத் தள்ளலில் சொட்டுகள் பறக்க முடியாமல், எரிகிற பரப்பின்மேலேயே அமுங்கி உட்கார்ந்துகொள்ளும். பாயில் விழுந்த தணலை யாரும் தட்டிவிடாவிட்டால் என்ன ஆகும்? அதுதான். எரிபொருள் குழி குழியாகப் பொத்துக்கொண்டு, கணக்குப் போட்டவன் நினைத்ததைவிட வேகமாக எரிந்து தீரும். அதற்காகத்தான் நான் கட்டைவிரல் துண்டுகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதே தள்ளல் எதிர்ப்பக்கமாக இருந்தால் சொட்டுகள் பரப்பைவிட்டு ஓடிவிடும். பெரிய மாற்றம் ஒன்றும் இருக்காது. எல்லாம் எந்தப் பக்கம் என்பதில்தான் இருக்கிறது.

"எந்தப் பக்கம் பாத்து எரியும்?" என்று என்னிடம் கேட்ட முதல் ஆளைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன்.

அவள் அப்போது தூத்துக்குடியில் கப்பல் சரக்கு ஏஜெண்ட் ஒருவரின் ஆபீசில் இருந்தாள். எங்கள் ஆய்வகத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சுழல் எந்திரம் பெட்டியில் வந்து துறைமுகத்தில் இறங்கியிருந்தது. உள்ளூர்க்காரன் என்று என்னைத்தான் அனுப்பினார்கள். பெட்டிக்குள் இருந்ததோ மோட்டாரும் இரும்புக் கையும். ஆனால் காகிதத்தில் 'ராக்கெட் எரிபொருள் சோதனைக்கு' என்று எங்கள் ஆபீசில் யாரோ ஆர்வக்கோளாறில் எழுதிவிட்டார்கள். அதைப் படித்த சுங்க அதிகாரி நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். பெட்டி மூன்று வாரம் வெயிலில் கிடந்தது.

அதை மீட்டுத் தந்தது அவள்தான். பெட்டிக்குள் எரியக்கூடியது எதுவும் இல்லை என்று நான் நான்கு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்த விளக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நான்கு வரியில் ஒன்று எழுதினாள். பிறகு, "எரியுறதச் சுத்துனா அணைஞ்சிராதா?" என்று கேட்டாள். நான் சொட்டுகளைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எந்தப் பக்கம் பாத்து எரியும்ங்கறதுதான முக்கியம்?" என்றாள். என் டாக்டர் பட்டத் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்த மூன்று பேராசிரியர்களும் கேட்காத கேள்வி அது. பெட்டி ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் அதைப் பற்றி விசாரிக்க எனக்கு ஆறு மாதம் போன் செய்ய வேண்டியிருந்தது.

இங்கே இரண்டு வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர். அப்பா தோணியில் தண்டல். அதாவது சரக்குத் தோணியை மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் ஓட்டிப்போகிற தலைவர். அவர்கள் சாத்தான்குளத்துப் புராட்டஸ்டண்ட் குடும்பம். வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வாத்தியார் நிற்பார். அவளுடைய அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். தப்பான எண் ஒன்று காதில் விழுந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கோயிலில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவர் வசன எண்ணை மாற்றிச் சொன்னதற்கு, உட்கார்ந்த இடத்திலிருந்தே "பதினேழு" என்று குரல் கொடுத்தவர். அவருக்கு மூத்தவர், அவளுடைய பெரியப்பா, சபையில் உபதேசியாராக இருந்தவர். பாதிரியார் வராத ஊர்களில் போய்ப் பிரசங்கமும் ஜெபமும் நடத்துகிற வேலை. அவர் ஜெபம் நீளமானது என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும்.

நான் கல்யாணப் பேச்செடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவளுடைய அப்பா மதத்தைப் பற்றித்தான் கேட்பார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் அதைத் தொடவே இல்லை. "தம்பி, என்ன வேலை பாக்கிய?" என்றார். சொன்னேன். சுற்றினால் வேகமாக எரியும் என்றதும் புருவத்தை ஏற்றினார்.

"விளக்கத் தூக்கிட்டு ஓடுனா விளக்கு அணையும். சுத்துனா நெருப்பு கூடும்னு நீங்க சொல்லுதீய."

"விளக்குக்குக் காத்து வெளியில இருந்து வேணும் சார். இதுக்கு உள்ளயே இருக்கு."

"நிரூபணம்?"

கட்டுரைகள் இருக்கின்றன என்றேன். அடுத்தவன் எழுதியதைக் காட்டுவது நிரூபணம் ஆகாது என்றார். என் கட்டுரையும் இருக்கிறது என்றேன். தான் எழுதியதைத் தானே காட்டுவது அதைவிட மோசம் என்றார். "தன் தொழில கண்ணு முன்னால நிரூபிச்சுக் காட்டத் தெரியாதவனுக்குப் பொண்ணக் குடுத்து நான் எந்த நம்பிக்கையில இருக்கது? செஞ்சு காட்டுங்க. காட்டிட்டா எனக்கு ஆட்சேபணை கிடையாது. காட்டலன்னா, அடுத்த புதன்கிழமை பக்கத்து ஊரு நாசரேத்துல இருந்து ஒரு பல் டாக்டர் வீட்டுக்காரங்க வாராங்க."

பல் டாக்டர் தன் தொழிலை எப்படி நிரூபித்துக் காட்டுவார் என்று கேட்க வாய்வரை வந்தது. கதவோரம் அவள் நின்று தலையை ஆட்டியதால் விழுங்கிக்கொண்டேன்.

ராக்கெட் எரிபொருளை ஆய்வகத்தைவிட்டு வெளியே எடுக்க முடியாது. எடுத்தால் என்னையும் உள்ளே வைத்துவிடுவார்கள். ஆனால் கம்பி மத்தாப்பு இருக்கிறதே. எரிவதற்கு வேண்டிய காற்று அதற்குள்ளேயே உண்டு, அலுமினியத் தூளும் உண்டு. ஏழை வீட்டு ராக்கெட் எரிபொருள். அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வாங்கியதில் மிச்சம் ஒரு பெட்டி பீரோவுக்கு மேலே இருப்பதாக அவள் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நானும் அப்பாவும் சாத்தான்குளம் பஸ் ஏறினோம். வெறுங்கையோடு பெண் வீட்டுக்குப் போகக்கூடாது என்று அப்பா மாலத்தீவிலிருந்து கொண்டுவந்த மாசிக் கருவாட்டை ஒரு பொட்டலம் கட்டி மடியில் வைத்திருந்தார். பஸ்ஸில் எங்களைச் சுற்றி இரண்டு இருக்கை காலியாகவே வந்தது.

பரிசோதனை நடந்த இடம் கார் இல்லாத கார் ஷெட். அங்கே தலைமையாசிரியரின் சைக்கிள் மட்டும் நின்றது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்றதும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே. பெண்ணைக் கேட்டபோதுகூட அவ்வளவு வருத்தம் தெரியவில்லை. ஒரு பழைய துணியை மடித்து சீட்டுக்கு அடியில் அவரே விரித்தார்.

ஏற்பாடு இதுதான். முகப் பவுடர் வருகிற நீளமான தகர டப்பா ஒன்று. காற்று பட்டதால்தான் வேகமாக எரிந்தது என்று அவர் நாளைக்குச் சொல்லிவிடக்கூடாதல்லவா, அதற்காக மத்தாப்பை டப்பாவுக்குள் வைத்தேன். உள்ளே நெருப்பு தெரிய நீளவாக்கில் ஒரு கீறல். டப்பாவைப் பின்சக்கரத்தின் கம்பிகளோடு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கட்டினேன். எதிர்ப்பக்கம் சரியெடைக்கு இன்னொரு பவுடர் டப்பா நிறையத் தூத்துக்குடி உப்பு. பெடலைக் கையால் சுற்றுவது அப்பாவின் பொறுப்பு. நாற்பது வருடம் நங்கூரக் கயிறு இழுத்த கை. வேகம் கூடாமல் குறையாமல் எவ்வளவு நேரமும் சுற்றும். நேரம் பார்க்கிற பொறுப்பைத் தலைமையாசிரியர் யாரையும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். பள்ளி விளையாட்டு விழாவில் அவர் பிடித்த ஸ்டாப் வாட்ச் நாடாவோடு கழுத்தில் தொங்கியது. பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளும் அவள் அம்மாவும் வாசலில்.

மத்தாப்புப் பெட்டியைத் திறந்தால் பாதிக்குமேல் நமுத்துப்போயிருந்தது. தேறியவை மூன்று. மூன்றையும் ஒரே அளவுக்கு வெட்டினேன்.

முதலாவதைச் சக்கரத்தைச் சுற்றாமல் எரித்தோம். முதலில் கொளுத்தும் உரிமையும் தனக்கே என்று தலைமையாசிரியரே ஊதுவத்தியை வாங்கிக் கொளுத்தினார். முப்பத்தைந்து விநாடி. நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டார்.

இரண்டாவதை நான் கட்டினேன். எத்தனையோ துண்டுகளை எரித்தவன்தான். ஆனால் ஆய்வகத்தில் எந்தத் துண்டுக்குப் பக்கத்திலும் மாமனார் நின்றதில்லை. பெரியப்பா கேட்ட ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே கட்டினேன், கொளுத்தினேன், "சுத்துங்கப்பா" என்றேன். விளக்கை அணைத்தார்கள். இருட்டத் தொடங்கியிருந்த ஷெட்டில் பெரிய ஒளி வளையம் ஒன்று தோன்றியது. அவள் அம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஏளா, அழகா இருக்கு பாரு" என்றார்கள். வளையம் மெல்ல மெல்லச் சுருங்கி நடுவை நோக்கி வந்தது.

சுருங்கி வந்தது என்பது அப்போதுதான் மூளைக்கு எட்டியது. ஓரத்துப் பக்கத்தைக் கொளுத்தியிருக்கிறேன். சுழற்சி சொட்டுகளை வெளிப்பக்கமாகத் தள்ளும். வெளிப்பக்கம் எரிந்தால் சொட்டுகள் பரப்பைவிட்டுப் போய்விடும். நடுப்பக்கத்தை அல்லவா கொளுத்தியிருக்க வேண்டும்! எந்தப் பக்கம் என்பதற்காகவே டாக்டர் பட்டம் வாங்கியவன் பக்கம் மாற்றிக் கொளுத்திவிட்டேன்.

"முப்பத்தஞ்சு," என்றார் தலைமையாசிரியர். "ஒரு செகண்டும் கூடலை, குறையலை. தம்பி, ஒங்க சக்கரம் சுத்துனதுல என் சைக்கிளுக்குத்தான் தேய்மானம்."

நான் விளக்கினேன். இதுவும் என் கொள்கைக்குச் சாதகம்தான், எதிர்ப்பக்கம் என்றால் மாற்றம் வராது என்றுதான் நாங்களும் சொல்கிறோம் என்றேன். என் காதுக்கே அது தப்பித்துக்கொள்கிற பேச்சாகக் கேட்டது. வாசலைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்வாள், தோணிப் பாய மாத்திக் கட்டிட்டான், அம்புட்டுதான்," என்றார் அப்பா, லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "காத்து அதே காத்துதான். இன்னொருக்கா சுத்துதேன்."

"ஒண்ணுதான் மிச்சம் இருக்கு," என்றார் தலைமையாசிரியர். "கடையில வாங்கிட்டு வந்து இன்னொரு நாள் பாக்கலாம்னு யாரும் சொல்லாதீய. என் காலத்துல நான் மறுபரீட்சை வச்சது கிடையாது."

மூன்றாவது மத்தாப்பை மூன்று தடவை சரிபார்த்துக் கட்டினேன். கொளுத்துகிற முனை நடுப்பக்கம். கட்டிவிட்டு அவளைப் பார்த்தேன். சரி என்பதைப் போலக் கண்ணைத் தாழ்த்தினாள். அந்த ஷெட்டில் எனக்கு அடுத்தபடியாக விஷயம் தெரிந்த ஆள் அவள்தான். ஊதுவத்தியை நீட்டினேன். பொறி பறந்ததும் விளக்கை அணைத்தார்கள், அப்பா பெடலைச் சுற்றத் தொடங்கினார், தலைமையாசிரியர் ஸ்டாப் வாட்சை அழுத்தினார். கடலில் பெரிய அலை வரும்போது எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதை என் கை தானாகச் செய்தது. நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள் என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. போட்டோம், முடிந்தது. ஆனால் மத்தாப்பு வெளிச்சத்தில் பெரியப்பா அதைப் பார்த்துவிட்டார். ஒரு கத்தோலிக்கப் பையன் ஜெபத்தைத் தொடங்கிவிட்டான். அதுவும் உபதேசியார் ஒருவர் உட்கார்ந்திருக்கிற இடத்தில், அவர் தம்பி வீட்டிலேயே. அவர் நாற்காலியைவிட்டு எழுந்தார். "கண்களை மூடி ஜெபிப்போமாக" என்றார்.

அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு மேல் வார்த்தை இல்லை. அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டார்கள். எல்லாத் தலையும் குனிந்தது. எங்கள் வழக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டே செபிக்கலாம், பீடத்தைப் பார்த்துக்கொண்டே செபிக்கலாம். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு நான் இந்த வீட்டின் மாப்பிள்ளையாக வேண்டியவன். கண் திறந்திருப்பதை யாராவது பார்த்துவிட்டால், சபை வேறு, பக்தியும் இல்லை என்று போய்விடும். இறுக்கி மூடிக்கொண்டேன். கண்ணுக்குள் நட்சத்திரம் பறக்கிற அளவுக்கு மூடினேன்.

பெரியப்பா சிருஷ்டிப்பிலிருந்து தொடங்கினார். வானத்தையும் பூமியையும் படைத்ததற்காகத் தனித்தனியே நன்றி சொன்னார். இந்தத் தேசத்தில் கரையேறி வந்த மிஷனரிமாருக்காக நன்றி சொன்னார். மழைக்காக விண்ணப்பம் செய்தார். கடலில் பிரயாணப்படுகிறவர்களை நினைத்தருளும் என்றபோது அது அப்பாவுக்காக என்று புரிந்தது. பெடல் சத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிற சபையார் ஒவ்வொருவரையும் நோயோடு சொன்னார். கடைசியில் "உயர எழும்புகிறவைகளையும் தாழ இறங்குகிறவைகளையும்" ஆசீர்வதிக்கும்படி கேட்டார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே விண்ணப்பம்தான்: ஆண்டவரே, இவரைச் சுருக்கச் சொல்லும். என் கடைசி மத்தாப்பு எரிந்துகொண்டிருக்கிறது, அதை ஒரு மனிதர்கூடப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறக்கலாமா என்று பார்த்தேன். தைரியம் வரவில்லை.

"ஆமென்."

கண்ணைத் திறந்தேன். இருட்டு. அப்பா இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார். ஷெட் முழுக்க வெடிமருந்தும் மல்லிகைப் பவுடரும் கலந்த ஒரு நெடி. யாரோ விளக்கைப் போட்டார்கள்.

"நேரம் என்ன சார்?" என்றேன்.

தலைமையாசிரியர் ஸ்டாப் வாட்சைத் தூக்கிக் காட்டினார். முள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடத்தைத் தாண்டியிருந்தது. "ஜெபத்துல எப்படித் தம்பி கடியாரத்தப் பாக்கது?" என்றார். பெரியப்பா ஆறுதலாக என் தோளில் கை வைத்தார். கர்த்தருடைய சித்தம் இதுதான் போலிருக்கிறது என்றார். அவருடைய கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், புதன்கிழமை வரப்போகிற அந்தப் பல் டாக்டரின் பல் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. சக்கரத்திலிருந்து டப்பாவை அவிழ்க்கக் குனிந்தேன். கை சுட்டது.

"இருபத்தாறு செகண்ட்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

எல்லாரும் திரும்பினோம். அவள் தன் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்ன சொல்லுத?" என்றார் அவள் அப்பா.

"மத்தாப்பு அணைஞ்சது இருபத்தாறு செகண்ட்ல. இந்தத் தடவ வளையம் சின்னதா ஆரம்பிச்சு பெருசாயிக்கிட்டே போச்சுப்பா. முன்ன எரிஞ்சதவிட ஒன்பது செகண்ட் சீக்கிரம்."

அவள் சொன்னதன் அர்த்தம் எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அந்தக் குடும்பத்தில், உபதேசியார் பெரியப்பா ஜெபம் பண்ணும்போது, ஆதியிலிருந்து ஆமென் வரைக்கும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறாள். அதை யாரும் பார்க்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கவே போவதில்லை. எனக்காகச் சொல்லிவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை; அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு பயம்.

"ஏளா," என்றார்கள் அம்மாள், "ஜெபத்துலயா கண்ணத் தொறந்துக்கிட்டு நின்ன?"

"ஆமா."

பெரியப்பாவின் கை என் தோளிலிருந்து இறங்கியது. தலைமையாசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டாப் வாட்சை உள்ளங்கையில் புரட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. தும்மலை அடக்குகிற மனிதரைப் போல இருந்தார். கடைசியில் முடியவில்லை.

"இருபத்தாறு இல்ல," என்றார். "இருபத்தேழு."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது பெரியப்பாவுக்குத்தான். "எலே," என்றார் தம்பியைப் பார்த்து. அறுபது வயதைத் தாண்டிய தலைமையாசிரியரை அவர் அண்ணன் "எலே" என்று கூப்பிட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். "நீயுமா?"

"கடியாரம் என் கையில இருந்துச்சு அண்ணே," என்றார் அவர். "முள் ஓடிக்கிட்டு இருக்கும்போது எப்படிப் பாக்காம இருக்கது?"

"அப்ப என் ஜெபத்துல யாருதான் கண்ண மூடியிருந்தீய? அண்ணாச்சி, நீங்களாவது?"

"கண்ண மூடிக்கிட்டுச் சுத்துனா கை சக்கரத்துக்குள்ள போயிராதா, உபதேசியாரே," என்றார் அப்பா. "எனக்கு வளையந்தான் தெரிஞ்சிச்சு. நேரம் தெரியாது."

அம்மாள் மட்டும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு காப்பி போடப் போய்விட்டார்கள். அழகாக இருந்தது என்று முதலில் சொன்னவர்கள் இரண்டாம் முறை பார்க்காமல் விட்டிருப்பார்களா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். நிச்சயமாகக் கண்ணை மூடியிருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஜெபம் பண்ணியவர். இன்னொருவன் நான். பிழைப்புக்கு இதையே பார்த்துக்கொண்டிருக்கிறவன், பார்க்க வேண்டிய ஒரே ஒரு தடவை பார்க்கவில்லை.

தலைமையாசிரியர் நோட்டை வாங்கினார். இருபத்தேழு என்று எழுதினார். முப்பத்தைந்துக்கும் இருபத்தேழுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்து, சதவீதமும் போட்டு, அடியில் கையெழுத்திட்டார். பிறகு மகளிடம் திரும்பினார். "ஜெபத்துல கண்ணத் தொறந்தது ஒரு தப்பு. தொறந்தும் சரியா எண்ணாதது இன்னொரு தப்பு," என்றார். என்னிடம், "தம்பி, பக்கம்தான் முக்கியம்னு நீங்க மொதல்லயே சொல்லியிருக்கணும்," என்றார். இரண்டாவது மத்தாப்பு அணைந்தபோதே நான் சொன்னதுதான். அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவ்வளவு புத்தி அதற்குள் வந்திருந்தது. "புதன்கிழம வாரவங்கள வர வேண்டாம்னு சொல்லிருதேன். ஒங்க அம்மையையும் கூட்டிட்டு வாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா நன்றாகத் தூங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்தேழை முப்பத்தைந்தால் வகுத்துக்கொண்டே வந்தேன்.

கல்யாணம் இரண்டு கோயிலிலும் நடந்தது. ஒன்றில் அரை மணி நேரம், இன்னொன்றில் எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன். சில மாதங்கள் கழித்து ஒருநாள் துறைமுகத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது அந்த ஒரு விநாடியைப் பற்றி அவளிடம் கேட்டேன். கைக்கடிகாரம் சரியானதுதான். கண்ணும் திறந்திருந்தது. சுங்கக் காகிதத்தில் ஒரு கமாவைக்கூட விடாதவள் ஒரு விநாடியை எப்படி விட்டாள்? ஒன்று என்றாலும் பிழை பிழைதான், காரணம் தெரிய வேண்டும் என்று என் தொழில் புத்தியைக் காட்டினேன்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இருபத்தாறுக்கு அப்பறம் கடியாரத்தப் பாக்கல. ஒங்கள பாத்தேன். கண்ண இறுக்கி மூடிக்கிட்டு நின்னீய. அழுதிருவீயளோன்னு பயமா இருந்துச்சு."